பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே ஒரு கோடு

ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு ஜெல்லக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கணவர் கோபம் வந்தால் மட்டும் அந்தப் பெயரை எடுப்பார். அவருக்குக் கோபம் வர ஜெல்லக்கா இடம் கொடுப்பதில்லை.

பொறுமை என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்குவாள். பால் பொங்குவதற்கு முன்னால் அடுப்பை அணைப்பாள். சினிமாவுக்குப் போனால் கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்து, "இதுக்கு மேல என்ன நடந்துடப் போகுது, வாங்க" என்று கணவரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவாள். பாவம், அந்த மனிதருக்கு எந்தப் படத்தின் முடிவும் தெரியாது. யாராவது தியேட்டர் வாசலில் கதை பேசிக்கொண்டு வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே போவார்.

அப்படிப்பட்டவள் வயிறு வளர்ப்பது பொறுமையை வைத்துத்தான் என்பது கடவுள் செய்த குசும்பு. ரத்தத்தில் உள்ள புரோட்டீன்களைப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. எலக்ட்ரோஃபோரசிஸ் என்று அதற்கு வாய் சுளுக்கும் பெயர். ஊசியில் எடுத்த ரத்தத்தை முதலில் கண்ணாடிக் குழாயில் அசையாமல் நிற்கவிட வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும் அது தானாக உறைந்து கட்டியாக. பிறகு சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுற்றினால் கட்டி அடியில் தங்கிவிடும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பதுதான் சீரம்.

கடல்பாசித் தூளை பஃபர் என்ற உப்புக் கரைசலில் காய்ச்சித் தகட்டில் ஊற்றினால் மெல்லிய ஜெல்லாக உறையும். அதன் ஓர் ஓரத்தில் சீரத்தைத் துளித்துளியாக வரிசையில் வைத்து, இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுத்தால் புரோட்டீன்கள் ஓட ஆரம்பிக்கும். ஆல்புமின் முதலில் ஓடும். முதல் பெஞ்சுப் பிள்ளை அது. பின்னாலேயே ஆல்ஃபா ஒன்று, ஆல்ஃபா இரண்டு, பீட்டா. கடைசியில் காமா. நோயை எதிர்க்கிற பொறுப்பெல்லாம் காமாவிடம்தான் இருக்கிறது, ஆனால் சாப்பாட்டு வேளைக்குப் பிந்தைய ஆபீஸ் மாதிரி இருந்த இடத்தை விட்டு நகராது. ஓட்டம் முடிந்ததும் ஜெல்லைக் காயவைத்து, நீலச் சாயத்தில் முக்கி, புளித்த வாடை அடிக்கும் அமிலத்தில் அலசினால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசையாகப் பட்டைகள் தெரியும். அந்த வாடை ஜெல்லக்காவின் புடவையை விட்டுப் போனதே இல்லை.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. பில் போடும் கவுண்டருக்குத்தான் மனு போட்டாள். அங்கே ஏற்கெனவே யாரோ வேண்டியவருக்கு நாற்காலி போட்டு வைத்திருந்ததால் லேபுக்குத் தள்ளிவிட்டார்கள். சேர்ந்த புதிதில் ஒருநாள் சிவப்பு ஒயரைக் கறுப்பு ஒயரின் இடத்தில் மாட்டிவிட்டாள். புரோட்டீன்கள் அத்தனையும் தப்பான திசையில் ஓடி, ஜெல்லைத் தாண்டி ஓரத்துத் தொட்டியில் இருந்த பஃபரில் விழுந்து கரைந்தன. சாயம் ஏற்றிப் பார்த்தால் ஜெல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"ஆல்புமின் எங்கம்மா?" என்று கேட்டார் அப்போதைய சீனியர்.

"ஓடிப்போச்சு சார்."

"யார்கூட?"

லேபே சிரித்தது. ஜெல்லக்கா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒயரை மூன்று தடவை பார்க்காமல் சுவிட்சைத் தொட மாட்டாள். கண்ணாடிக் குழாய் நிற்க வேண்டிய நேரம் நின்றே ஆக வேண்டும். "என்னக்கா, இதைச் சீக்கிரம் போட்டுடலாமே" என்று யாராவது அவசரப்படுத்தினால், "நான் வெளியிலதான் அவசரக்காரி, ரத்தத்துக்கிட்ட இல்ல" என்பாள். ஊரில் உள்ள அவசரத்தையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள்.

வீட்டில் வைத்துவிட்டு வந்தது உண்மைதான். அங்கே ஒரு போர் நடந்துகொண்டிருந்தது.

மாமியார் போகும்போது இரண்டு மகன்களுக்கும் ஒரே மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகளை விட்டுப் போனார். பிரிக்க முடியாத சொத்தாக ஒரு வாஷிங் மெஷினையும் விட்டுப் போனார். வாசல் குறுகலானதால் அது இரண்டு வீட்டுக் குளியலறைக்குள்ளும் நுழையாது. குழாயும் சாக்கடைத் துளையும் நடைபாதையில் இருந்தன. நட்டநடுவில் வைத்தால் மாடிப்படியை அடைக்கும். ஆகவே யாராவது ஒருவர் வாசலைப் பாதி மறைத்துக்கொண்டுதான் அது நிற்க வேண்டும். யார் வாசலை என்பதுதான் கேள்வி.

மூத்த மருமகளுக்கு டீச்சர் என்று பெயர். தையல் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவர். கோணல் தையலைக் கண்டால் பிள்ளைகளைப் பிரித்துப் போடச் சொல்லிச் சொல்லி, மனிதர்களையும் அதே கண்ணோடு பார்க்கப் பழகிவிட்டவர். காலையில் ஜெல்லக்கா வேலைக்குப் போனதும் டீச்சர் மெஷினை ஜெல்லக்கா வாசல் பக்கம் தள்ளுவார். சாயங்காலம் திரும்பியதும் ஜெல்லக்கா அதை டீச்சர் வாசல் பக்கம் தள்ளுவாள். சக்கரம் கிடையாது. இரும்புப் பெட்டி, தள்ளும்போது கட்டடமே பல்லைக் கடிக்கும். கீழ்வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிபார்த்தார்.

ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி, "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று டீச்சர் சொல்ல, "முழிச்சாத்தானே, கண்ணை மூடிக்கிட்டே போங்க" என்று இவள் சொல்ல, பேச்சு நின்றது. நாலு வருஷம் ஆயிற்று. அண்ணனும் தம்பியும் மட்டும் தெருமுனையில் டீக்கடையில் திருட்டுத்தனமாகச் சந்தித்துக்கொள்வார்கள். மெஷினைத் தள்ளும்போதெல்லாம் ஜெல்லக்கா பல்லிடுக்கில், "இவ போய்ச் சேர்ந்தாத்தான் எனக்கு விடிவு" என்பாள். தினமும் சொல்வதால் அது கெட்ட வார்த்தை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அந்த டீச்சர்தான் ஒரு நாள் காலையில் லேப் வாசலில் வந்து நின்றார். கூடவே அவர் கணவரான பெரியவர், கையில் டாக்டர் சீட்டு. முதுகு வலி தாங்க முடியவில்லை, களைப்பு, ரத்தம் வேறு குறைச்சல். சீரம் புரோட்டீன் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். ரத்தம் எடுக்கும் நர்ஸ் அன்றைக்கு லீவு.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஜெல்லக்கா ஊசியைப் பார்த்தாள். நடுவில் நின்ற பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமா, அவங்களை வலது கையை நீட்டச் சொல்லுங்க."

"வலது கையை நீட்டும்மா."

"இடது கையிலதான் நரம்பு நல்லாத் தெரியும்னு சொல்லுங்க" என்றார் டீச்சர், ஜன்னலிடம்.

"இடது கையிலதான் நரம்பு..."

"எந்தக் கையில தெரியும்னு பாக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்கன்னு சொல்லுங்க மாமா."

"நீங்களே ஒரு முடிவுக்கு வாங்கம்மா, எனக்குத் தலை சுத்துது" என்று பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் இடது கைதான். ஜெல்லக்கா யாருக்கு ரத்தம் எடுத்தாலும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" அன்றைக்கு அதையும் பெரியவர் வழியாகக் கேட்க வேண்டும். எரிச்சலில் விட்டுவிட்டாள்.

சீரம் தெளிவாக வந்ததா என்று பார்த்த பிறகுதான் ஆளைப் போகச் சொல்வது வழக்கம். அதுவரை டீச்சர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார். உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ஜெல்லக்காவையே பார்த்தார். பிரித்துப் போடு என்று சொல்லும் அதே பார்வை. ஜெல்லக்காவுக்கு முதுகில் பூரான் ஊர்ந்தது. குழாய் தாங்கியில் நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தாள். அப்புறம், "இதுக்கு மேல என்ன நடந்துடப் போகுது" என்று குழாயை எடுத்து சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுழலவிட்டாள். சீரம் மேலே வந்தது. கட்டி கொஞ்சம் கொழகொழவென்று இருந்த மாதிரி பட்டது. இருந்தால் இருக்கட்டும்.

"மாமா, அவங்களைக் கூட்டிட்டுப் போகலாம்."

மறுநாள் ஜெல்லைச் சாயத்திலிருந்து எடுத்து அலசி, வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்தாள். மற்றவர்களின் வரிசைகள் எல்லாம் வழக்கம் போல. டீச்சரின் வரிசையில், பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே, பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கோடு. மெல்லியதாக, கறுப்பாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

அந்தக் கோடு என்ன சொல்லும் என்று ஜெல்லக்காவுக்குத் தெரியும். எலும்பு மஜ்ஜைக்குள் ஒரே ஒரு வகை செல் கட்டுக்கடங்காமல் பெருகி ஒரே புரோட்டீனைக் கொட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் கோடு விழும். முதுகு வலி, களைப்பு, ரத்தக் குறைவு எல்லாம் அதனோடு வரும். புற்றுநோய். இப்படிப்பட்ட கோடுகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுப் போய் டீ குடித்திருக்கிறாள். அன்றைக்கு டீ ஞாபகமே வரவில்லை. இவ போய்ச் சேர்ந்தாத்தான் விடிவு என்று தன் வாயால் எத்தனை சாயங்காலம் சொல்லியிருக்கிறாள். அவளுக்குச் சாமி பயம் அவ்வளவாகக் கிடையாது. ஆனாலும் அன்றைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

லேபின் தலைவர் பெரிய டாக்டர், சட்டையில் பிஸ்கட் தூளோடு வந்து குனிந்து பார்த்தார்.

"கோடு நல்லாத் தெரியுதே. சாம்பிள் சரியா உறைஞ்சுதா? நேரம் நின்னுச்சா?"

"நின்னுச்சு சார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன ஒரே பதில் அதுதான். நாக்குக்கு வேறு பதில் தெரியாது.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடறாங்களா? அப்படி இருந்தா உறையாத புரோட்டீன் தங்கி, இதே இடத்துல இதே மாதிரி கோடு காட்டும்."

"அதெல்லாம் இல்ல சார்." இதுவும் தெரியாமலே சொன்னதுதான்.

"சரி, நாளைக்குக் காலையில ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறேன். இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பாக்க வேண்டியிருக்கும், பாவம்" என்று பெரிய டாக்டர் அடுத்த பிஸ்கட்டுக்குப் போனார்.

சாயங்காலம் மாடி ஏறி வந்தபோது மெஷின் வழக்கம் போல அவள் வாசலை மறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் வைத்தாள். தள்ள வரவில்லை. இந்தப் பாரத்தை அந்த முதுகோடு எப்படித் தள்ளியிருப்பார் என்று முதல் தடவையாக யோசித்தாள். உள்ளே போய்க் கணவரைக் கேட்டாள்.

"உங்க அண்ணி மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?"

"ரெண்டு வருஷமாச் சாப்பிடறாங்களே. இதயம் தாளம் தப்பி அடிக்குதாம். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணி பேரை எடுத்தாலே நீ பாத்திரத்தை உருட்டறே. எங்க சொல்றது?"

ஜெல்லக்கா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். நாலு வருஷமாகத் தட்டாத கதவு. இப்போது கோடு பொய்யாக இருக்கலாம். அல்லது நிஜமாகவே இருக்கலாம். பொய்யாக இருந்தால் தப்பு அவளுடையது. அதை டீச்சரிடம் போய்ச் சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். சொல்லாவிட்டால் நாளைக்கு அந்த மனுஷியின் இடுப்பில் ஊசியை இறக்குவார்கள்.

டீச்சர் கதவைத் திறந்தார். பெரியவர் பின்னால் இல்லை. தூது போக ஆளில்லை.

"அக்கா, மறுபடியும் ரத்தம் எடுக்கணும்."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், முதல்ல எடுத்ததைக் குடிச்சிட்டியா?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஜெல்லக்காவிடம் ஒன்பது பதில் இருந்திருக்கும். "நான் தப்புப் பண்ணிட்டேன்க்கா. உறையறதுக்குள்ள சுத்திட்டேன். நீங்க என்னையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க, எனக்குத் தாங்கல. மாத்திரை சாப்பிடறீங்களான்னும் கேக்கல."

"அதுல என்ன தெரிஞ்சுது?"

"ஒரு கோடு."

"கோடுன்னா?"

"என் அவசரத்தால வந்த கோடா இருக்கலாம். இல்லன்னா..." "தெரியலக்கா. மறுபடி பாத்தாத்தான் தெரியும்."

டீச்சர் வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "காலையில எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார், மெதுவாக.

காலையில் ஜெல்லக்கா நேரே பெரிய டாக்டரின் மேஜைக்குப் போனாள். "நேத்து நின்னுச்சுன்னு சொன்னது பொய் சார். மாத்திரையும் உண்டு."

பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வார்த்தையை நம்பி கையெழுத்துப் போட இருந்தேன்."

"ஆமா சார்."

"மெமோ வரும்."

"வரட்டும் சார். இப்போ புது சாம்பிள் போட விடுங்க."

"போடுங்க. ரொம்ப நேரம் நிக்க விடுங்க. உறைய வைக்கிற மருந்தும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. பழைய சீரத்தையும் பக்கத்துலயே ஓட்டுங்க."

இந்த முறை தூதர் தேவைப்படவில்லை. டீச்சர் தானாகவே இடது கையை நீட்டினார். குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு ஜெல்லக்கா வெளியே வந்து, டீச்சர் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரத்தம் தன் பாட்டுக்கு உறைந்துகொண்டிருந்தது. அதை அவசரப்படுத்த இந்த உலகத்தில் யாராலும் முடியாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு நிஜமாகப் புரிந்தது.

"நான் செத்தா மெஷின் உனக்குத்தான்" என்றார் டீச்சர்.

"எனக்கு வேண்டாம்."

"அப்புறம் எதுக்கு நாலு வருஷமாத் தள்ளினே?"

"நீங்க தள்ளினீங்க, அதான்."

"நான் நீ தள்ளினேன்னு தள்ளினேன்." டீச்சர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "கனமா ஏதாவது தூக்கறீங்களான்னு டாக்டர் கேட்டாரு. இல்லன்னு சொல்லிட்டேன். ஓரகத்தியோட மெஷின் தள்ளி விளையாடறேன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

ஜெல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதைவிடப் பயமும் வந்தது. இந்த அம்மா போய்விடக் கூடாது என்று நினைத்தாள். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். சண்டை போட ஆள் வேண்டும் என்பதற்காகவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எதற்காகவோ, போகக் கூடாது, அவ்வளவுதான்.

டீச்சர் வீட்டுக்குப் போனார். ஜெல்லக்கா ஜெல் காய்ச்சினாள். ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பழைய சீரம் ஒரு வரிசை, மருந்துச் சொட்டு விட்ட புதுச் சீரம் பக்கத்து வரிசை. சுவிட்சைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் திறந்தாள், மூடினாள். காயவைத்து, சாயம் ஏற்றி, அலசும்போது அமிலம் புடவையில் சிந்தியது. வெளிச்சப் பெட்டியில் வைத்துவிட்டு முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு படத்தின் கடைசிக் காட்சிக்காக அவள் காத்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பழைய வரிசையில் கோடு இருந்தது. புது வரிசையில், பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே, ஒன்றுமில்லை.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "சுத்தமா இருக்கு. அந்தக் கோடு நீங்க போட்டதுதான்" என்றார். ஜெல்லக்காவுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. பிஸ்கட் தூளை நினைத்து விட்டுவிட்டாள்.

அன்றைக்கும் பஸ் நிற்பதற்கு முன்னால்தான் இறங்கினாள். படியை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே வந்தால், டீச்சர் மெஷின் மேல் இரண்டு கையையும் வைத்து நின்றுகொண்டிருந்தார். மெஷின் ஜெல்லக்கா வாசலிலிருந்து பாதி தூரம் வந்திருந்தது.

"அக்கா! அந்த முதுகை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"வீட்டுக்குள்ள உக்காந்திருக்க முடியல. கை சும்மா இருக்க மாட்டேங்குது. சொல்லு."

"கோடு இல்ல. ரத்தத்துல ஒண்ணும் இல்ல. என் தப்புதான்."

டீச்சர் மெஷின் மூடி மேல் அப்படியே உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஜெல்லக்காவும் அழுதாள். கீழ்வீட்டுக்காரர் மெஷின் சத்தம் பாதியில் நின்றுபோனதே என்று படியில் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து அழுவதைக் கண்டு, யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். "அப்போ என் முதுகு வலி எதனால?"

இரண்டு பேரும் அவர் உட்கார்ந்திருந்த மெஷினைப் பார்த்தார்கள்.

"இனிமே நான் இதைத் தொட மாட்டேன்" என்றார் டீச்சர்.

"தொடாதீங்கக்கா."

"ஆனா என் வாசல்ல நிக்கக் கூடாது."

"அக்கா..."

"உனக்கு மெமோ வரப் போகுதாமே, லேப்ல பேசிக்கிட்டாங்க. அதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குப் பதிலா நீ தள்ளு."

அன்றிலிருந்து ஜெல்லக்கா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மெஷினைத் தன் கையாலேயே தன் வாசல் பக்கம் தள்ளுகிறாள். சாயங்காலம் திரும்பியதும் டீச்சர் வாசல் பக்கம் தள்ளுகிறாள். அது அவளுடைய பங்கு, அதையும் விட்டுக்கொடுக்க மனசில்லை. ஒரு போரின் இரண்டு பக்கமும் ஒரே ஆள் நிற்பது கஷ்டம்தான். கீழ்வீட்டுக்காரரின் கடிகாரம் மட்டும் சரியாக ஓடுகிறது.

காலையில் அவள் மூச்சு வாங்கத் தள்ளும்போது டீச்சர் ஒரு டம்ளர் டீயோடு வாசலில் வந்து நிற்பார். கோணல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

"இன்னும் கொஞ்சம்" என்பார். "டீ ஆறட்டும், அவசரமில்ல. பொறுமையாத் தள்ளு."